ஊசி ஏற்றும் முன்: நர்சிங் வகுப்பறையிலிருந்து சில கேள்விகள்

மருந்தியல் பாடம் நடத்துவது, மருந்தைப் பிழையின்றிக் கொடுக்கப் பழக்குவது பற்றி நர்சிங் ஆசிரியர்களும் மாணவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: மாணவிகள் நூற்றுக்கணக்கான மருந்துகளை மனப்பாடம் செய்து தேர்வில் நன்றாக எழுதிவிடுகிறார்கள். வார்டில் ஒரு ஆம்ப்யூலை (ஊசி மருந்து உள்ள சிறு கண்ணாடிக் குப்பி) காட்டிக் கேட்டால் விழிக்கிறார்கள். பாடத்தை எப்படி மாற்றுவது? – மருந்தியல் நடத்தும் விரிவுரையாளர்

பதில்: தேர்வில் கேட்பது மருந்தைப் பற்றி, வார்டில் கேட்பது இந்த நோயாளிக்கு இந்த மருந்து பற்றி. இரண்டும் வேறு வேறு கேள்விகள். படிக்கும்போதே இரண்டாவது கேள்விக்குப் பழக்கினால் பாதிச் சிக்கல் தீரும். ஒரு குழுவுக்கு ஒரு மாதிரி மருந்தை எடுத்துக்கொண்டு, அதன் செயல்பாட்டை ஒரே வரியில் சொல்ல வையுங்கள். அடுத்து நான்கு கேள்விகள்: இவருக்கு இது ஏன்? கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்? எந்த வழியில், எவ்வளவு வேகத்தில்? கொடுத்த பிறகு எதை, எத்தனை நேரம் கழித்துப் பார்க்க வேண்டும்?

டிகாக்சினை எடுத்துக்கொள்வோம். இதயச் சுருக்கத்தை வலுவாக்கும், துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் என்பது அந்த ஒரு வரி. அது புரிந்தவளுக்கு 'முன்னால் எதைப் பார்ப்பது' என்று தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஸ்டெதாஸ்கோப்பை இதய முனையில் வைத்து முழுதாக ஒரு நிமிடம் துடிப்பை எண்ணுவாள். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்க மாட்டாள். பெரியவர்களில் 60-க்குக் கீழே இருந்தால் மருந்தை நிறுத்தி வைத்து மருத்துவரிடம் சொல்வாள். பிறகு பசியின்மை, குமட்டல், பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிவது ஆகியவற்றுக்குக் காத்திருப்பாள். அதே நோயாளிக்கு ஃபுரோசமைடும் போகிறதா என்று கேளுங்கள். அது சிறுநீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றும். பொட்டாசியம் குறைந்தால் வழக்கமான அளவு டிகாக்சினே நஞ்சாகலாம். தனித்தனி அத்தியாயத்தில் படித்த இரண்டு மருந்துகள் ஒரே கட்டிலில் சந்திக்கும் இடம் இது. வகுப்பில் ஒரு மணி நேரத்தை இதற்கே செலவிட்டாலும் வீணில்லை.

பெயரின் கடைசிப் பகுதியை வைத்துக் குழுவைக் கண்டுபிடிக்கச் சொல்லித் தருவதும் பயன்படும். 'ப்ரில்' என்று முடிந்தால் வறட்டு இருமல் வரலாம், 'ஓலால்' என்றால் பல்ஸும் பி.பி.யும் பார்க்க வேண்டும் என்று உடனே நினைவுக்கு வரும். ஆனால் 'சோல்' என்ற முடிவை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒமிப்ரசோல் அமிலத்துக்கு, ஃப்ளூகோனசோல் பூஞ்சைக்கு, மெட்ரோனிடசோல் பாக்டீரியாவுக்கும் அமீபாவுக்கும், அல்பெண்டசோல் குடற்புழுவுக்கு, கார்பிமசோல் தைராய்டுக்கு. இந்த ஐந்தையும் பலகையில் எழுதி, ஒவ்வொன்றும் எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். குறுக்குவழியின் எல்லை அன்றே புரிந்துவிடும்.

கேள்வி: சரியான நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம் என்று 'ஐந்து சரிகள்' படித்தோம். அடுத்த புத்தகத்தில் ஏழு. இன்னொன்றில் பத்து. எத்தனைதான்? – இரண்டாம் ஆண்டு மாணவி

பதில்: உங்கள் தேர்வுக்கு எத்தனை கேட்கிறார்களோ அத்தனை. வார்டில் எண்ணிக்கை ஒரு பொருட்டே அல்ல. அந்தச் சரிகள் எல்லாம் போய்ச் சேர வேண்டிய இடத்தைச் சொல்கின்றன, போகும் வழியைச் சொல்வதில்லை. 'சரியான நோயாளிக்குக் கொடு' என்பதைப் பத்து முறை ஒப்பித்தவரும் தவறான நோயாளிக்குக் கொடுத்துவிடலாம். கைக்குப் பழக வேண்டியது செயல்.

நோயாளியிடம் "நீங்கள்தானே லட்சுமி?" என்று கேட்காதீர்கள். காது மந்தமானவரும் தூக்கக் கலக்கத்தில் இருப்பவரும் எதற்கும் தலையாட்டுவார்கள். "உங்கள் முழுப் பெயரைச் சொல்லுங்கள், பிறந்த தேதி என்ன?" என்று கேட்டு, பதிலைக் கைப்பட்டையோடும் மருந்து அட்டவணையோடும் ஒப்பிடுங்கள். பேச முடியாதவர் என்றால் பட்டையில் உள்ள பெயரும் மருத்துவமனை எண்ணும். கட்டில் எண் ஒருபோதும் அடையாளம் ஆகாது. நோயாளிகள் கட்டில் மாறுகிறார்கள். லேபிளை மூன்று முறை படியுங்கள்: அலமாரியிலிருந்து எடுக்கும்போது, சிரிஞ்சில் ஏற்றும்போது, நோயாளியின் அருகில் கொடுப்பதற்குச் சற்று முன். மூன்றாவது முறை படிக்க வேண்டுமானால் ஆம்ப்யூலும் ட்ரேயில் கூடவே வந்திருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் அதை மருந்து மேசையிலேயே எறிந்துவிட்டுச் சிரிஞ்சை மட்டும் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். அங்கேதான் மூன்றாவது சரிபார்ப்பு காணாமல் போகிறது.

ஒவ்வாமை உண்டா என்று அட்டவணையில் பார்ப்பதோடு நோயாளியிடமும் கேளுங்கள். ஏற்றியவரே கொடுக்க வேண்டும், கொடுத்தவரே கையெழுத்திட வேண்டும், அதுவும் கொடுத்த பிறகு. மாணவி என்றால் பதிவு பெற்ற நர்ஸோ ஆசிரியரோ பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

கேள்வி: கணக்கு என்றாலே கை நடுங்குகிறது. சூத்திரம் தெரியும், ஆனால் எதை எதால் வகுப்பது என்பதில் குழம்பிவிடுகிறேன். – முதலாம் ஆண்டு மாணவர்

பதில்: சூத்திரத்துக்கு முன் ஊகம். இதுதான் மருந்து. ஜெண்டாமைசின் 2 மி.லி.யில் 80 மி.கி. இருக்கிறது, மருத்துவர் 60 மி.கி. எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். பேனாவைத் தொடும் முன்பே சொல்லிவிடலாம்: 2 மி.லி.யை விடக் குறைவு, 1 மி.லி.யை விட அதிகம். இப்போது சூத்திரம்: வேண்டியதை இருப்பதால் வகுத்து, அது கரைந்திருக்கும் மி.லி.யால் பெருக்க வேண்டும். 60 ÷ 80 × 2 = 1.5 மி.லி. ஊகத்துக்குள் விழுகிறது. தலைகீழாக வகுத்திருந்தால் 2.67 வந்திருக்கும், ஊகம் அங்கேயே கையைப் பிடித்து நிறுத்தும். ஒரே டோஸுக்கு மூன்று ஆம்ப்யூலுக்கு மேல் உடைக்க வேண்டும் என்று விடை வந்தால், உடைக்காமல் கணக்கை இன்னொருவரிடம் காட்டுங்கள்.

குழந்தைகளின் சிரப்பில் வேறொரு பொறி இருக்கிறது. 12 கிலோ குழந்தை, பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. என்றால் 180 மி.கி. 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப்பானால் 7.5 மி.லி. 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ளதானால் 3.6 மி.லி. 'ஏழரை மி.லி. கொடு' என்று மட்டும் எழுதியிருந்து, கைக்கு வந்தது அடர்த்தியான புட்டியாக இருந்தால், குழந்தைக்குப் போவது 375 மி.கி.; இரு மடங்குக்கும் மேல். எனவே எழுதுவதும் கேட்பதும் மி.கி.யில் இருக்கட்டும். அளக்க வீட்டுக் கரண்டி வேண்டாம், வாய்வழி சிரிஞ்ச் போதும்.

டிரிப்புக்கு: 1000 மி.லி., 8 மணி நேரம், 1 மி.லி.க்கு 20 சொட்டு விழும் குழாய் செட். 1000 × 20 ÷ 480 நிமிடம் = 41.67, அதாவது நிமிடத்துக்கு 42 சொட்டு. செட்டின் உறையில் 15 சொட்டு என்று போட்டிருந்தால் 31. உறையைப் பார்க்காமல் பழக்கத்தில் 42 வைத்துவிட்டால் எட்டு மணி நேரத்துப் பை ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் காலி. இளைஞர் தாங்கிக்கொள்வார், பலவீனமான இதயம் உள்ளவருக்கு நுரையீரலில் நீர் கோக்கும். மைக்ரோ செட்டில் 1 மி.லி.க்கு 60 சொட்டு என்பதால், நிமிடத்துக்கு எத்தனை சொட்டோ மணிக்கு அத்தனை மி.லி.; கணக்கே வேண்டாம்.

இங்கே ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. ரத்த அழுத்தத்தை உயர்த்த ஏற்றும் டோபமின் மாதிரிக் கணக்கு கொடுக்கும்போது நோயாளியின் எடையை 60 கிலோ என்று வைக்காதீர்கள். 250 மி.லி.யில் 400 மி.கி. டோபமின் கலந்தால் 1 மி.லி.யில் 1600 மைக்ரோகிராம். கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம் வேண்டும், எடை 60 என்றால் சரியான விடை மணிக்கு 11.25 மி.லி. எடையால் பெருக்க மறந்தாலும் 0.19 வரும், 60 நிமிடத்தால் பெருக்க மறந்தாலும் அதே 0.19 வரும். மாணவர் எந்தப் படியில் சறுக்கினார் என்று உங்களுக்குத் தெரியாது. எடையை 50 என்று வையுங்கள். 5 × 50 × 60 = 15000; அதை 1600-ஆல் வகுத்தால் 9.4 மி.லி. எடையை விட்டவருக்கு 0.19, நிமிடத்தை விட்டவருக்கு 0.16. விடைத்தாளே பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: சில லேபிள்களில் மி.கி. இல்லாமல் சதவீதம், சிலவற்றில் 1:1000 என்று இருக்கிறது. எப்படி மாற்றுவது? – மூன்றாம் ஆண்டு மாணவி

பதில்: சதவீதம் என்றால் 100 மி.லி.யில் எத்தனை கிராம் என்பது. சுருக்கமாக, சதவீத எண்ணைப் பத்தால் பெருக்கினால் 1 மி.லி.யில் உள்ள மி.கி. கிடைக்கும். லிக்னோகெய்ன் 2% என்றால் மி.லி.க்கு 20 மி.கி.; மக்னீசியம் சல்ஃபேட் 50% என்றால் 500 மி.கி. விகிதம் என்றால் 1 கிராம் எத்தனை மி.லி.யில் என்பது. அட்ரினலின் 1:1000 என்றால் 1000 மி.லி.யில் 1 கிராம், அதாவது மி.லி.க்கு 1 மி.கி. 1:10000 அதில் பத்தில் ஒரு பங்கு. எண் பெரிதாக இருப்பதால் அதுதான் வீரியம் அதிகம் என்று நினைப்பவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். கடும் ஒவ்வாமையில் பெரியவருக்குத் தொடையின் நடு வெளிப்பக்கத் தசையில் போடும் 0.5 மி.கி. என்பது 1:1000-இல் அரை மி.லி. இந்த ஒன்றையாவது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லத் தெரிய வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் கணக்குப் போட அவகாசம் இருக்காது.

கேள்வி: இன்சுலின் சிரிஞ்சில் சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி இரண்டும் வார்டில் கிடக்கின்றன. எதில் ஏற்றினாலும் 10 யூனிட் 10 யூனிட்தானே? – மாணவர்

பதில்: இல்லை. சிரிஞ்சில் உள்ள கோடு அளப்பது கொள்ளளவை. அது எந்த வீரியத்துக்கு என்று கோடு போட்டவர் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார். சிவப்பு மூடி மி.லி.க்கு 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கு, ஆரஞ்சு 100 யூனிட்டுக்கு. மி.லி.க்கு 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் '10' கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது கால் மி.லி.; அதில் 25 யூனிட் இருக்கிறது. தாழ்சர்க்கரையில் மயங்க இது போதும். மாற்றி, 40 குப்பியை ஆரஞ்சில் இழுத்தால் 4 யூனிட்தான் போகும். சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று மறுநாள் அளவைக் கூட்டுவார்கள், அதற்கடுத்த நாள் யாரோ சரியான சிரிஞ்சை எடுப்பார்கள்.

வகுப்பில் இதைச் சொல்லாதீர்கள், காட்டுங்கள். இரண்டு சிரிஞ்சிலும் வண்ணநீரை '10' வரை இழுத்து, ஊசி இல்லாத ஒரு மி.லி. சிரிஞ்சுக்குள் தனித்தனியாக விட்டு உயரத்தைப் பார்க்க வையுங்கள். ஒன்று 0.25, மற்றொன்று 0.1. அதற்குப் பிறகு யாரும் மறப்பதில்லை.

யூனிட் என்பதை முழுச் சொல்லாக எழுதுங்கள். ஆங்கிலத்தில் 'யு' என்று ஒற்றை எழுத்தாக எழுதினால் அவசரக் கையெழுத்தில் அது பூஜ்யமாகத் தெரிந்து 4 யூனிட் 40 ஆகிவிடும். புள்ளிக்கும் இதே விதி: 1.0 என்று எழுதினால் புள்ளி மங்கி 10 ஆகும், அதனால் 1 போதும். .5 என்று எழுதினால் 5 ஆகும், அதனால் 0.5 வேண்டும்.

கேள்வி: பொட்டாசியம் குளோரைடை ஏன் தனிப் பெட்டியில் பூட்டி வைக்கிறார்கள்? – மாணவி

பதில்: நேரடியாக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும் என்பதால். சாதா டிஸ்டில்டு வாட்டர் ஆம்ப்யூல் மாதிரியே இருப்பதும் ஒரு காரணம். 15% ஆம்ப்யூல் 10 மி.லி.யில் 20 மில்லி ஈக்விவலன்ட் (பொட்டாசியத்தை அளக்கும் அலகு) இருக்கிறது. கை நரம்பில் மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது வழக்கமான எல்லை. அதற்கு மேல் என்றால் இ.சி.ஜி. மானிட்டர் வேண்டும்.

பலர் கவனிக்காத ஒன்று: கலப்பது. பொட்டாசியக் கரைசல் கனமானது. ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருக்கும் பையில் ஊசியால் குத்தி ஏற்றினால் அது அடியிலேயே தங்கி, முதலில் இறங்கும். மருத்துவர் நீர்த்துத்தான் எழுதினார், நர்ஸ் நீர்த்துத்தான் கலந்தார், நோயாளிக்குப் போனது என்னவோ நீர்க்காத மருந்து. பையை இறக்கி, ஓட்டத்தை அடைத்து, மருந்தைச் சேர்த்து, பலமுறை தலைகீழாகப் புரட்டி, லேபிள் ஒட்டிப் பிறகே தொங்கவிட வேண்டும்.

இப்படிப்பட்ட மருந்துகளில், அதாவது பொட்டாசியம், இன்சுலின், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின், ஓபியாய்டு வலி மருந்துகள், புற்றுநோய் மருந்துகளில், இரண்டாவது ஆள் சரிபார்க்க வேண்டும். "இது 5000 யூனிட் ஹெப்பரின், சரிதானே சிஸ்டர்?" என்று கேட்பது சரிபார்ப்பு அல்ல, ஆமாம் போட வைப்பது. இரண்டாமவர் உங்கள் விடையைப் பார்க்காமல் மருத்துவரின் எழுத்திலிருந்து தானே கணக்கிட்டு, தானே லேபிளைப் படித்து, பிறகே இரண்டு விடைகளையும் ஒப்பிட வேண்டும். வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தை மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும்: நரம்பில் மட்டுமே போக வேண்டிய அது தண்டுவடத்தில் போனால் பெரும்பாலும் உயிர் போகும். சிரிஞ்சில் வைக்காமல் சிறிய பையில் நீர்த்துக் கொடுத்தால், தண்டுவட ஊசியில் அதை மாட்டவே யாருக்கும் தோன்றாது. நினைவூட்டுவதை விடத் தவறவே முடியாதபடி செய்வது மேல் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

கேள்வி: மூக்குக் குழாய் வழியே கொடுக்க எல்லா மாத்திரைகளையும் ஒன்றாகப் பொடித்துக் கலக்கலாமா? – மாணவர்

பதில்: கூடாது. பெயரோடு எஸ்.ஆர்., எக்ஸ்.எல்., சி.ஆர். என்று ஒட்டியிருப்பவை மெல்ல மெல்ல வெளியாகும் மாத்திரைகள். பொடித்தால் பல மணி நேரத்து மருந்து ஒரே நேரத்தில் இறங்கும். குடலில் கரைய வேண்டிய உறையிட்டவற்றைப் பொடித்தால் இரைப்பையிலேயே கெடும். மாற்று வடிவம் கேட்டு வாங்குங்கள். பொடிக்கக் கூடியவற்றையும் ஒவ்வொன்றாகக் கொடுத்து, இடையிடையே நீர் விடுங்கள். வலிப்பு மருந்தான ஃபெனிடாயின் என்றால் குழாய் உணவுக்கும் அதற்கும் இடைவெளி வேண்டும். உணவோடு சேர்ந்தால் உடலில் ஏறுவது குறையும்.

கேள்வி: பயிற்சிக்கூடத்தில் பிழையைக் கண்டுபிடிக்கும் பயிற்சி நடத்த ஆசை. பெரிய பொம்மைகள், மானிட்டர் எதுவும் எங்களிடம் இல்லை. – கிளினிக்கல் பயிற்றுநர்

பதில்: ஒரு ட்ரே, ஒரு கட்டில், படுக்க ஒரு மாணவர் போதும். மருந்து அட்டவணையில் ஐந்தாறு பிழைகளை ஒளித்து வையுங்கள்: பென்சிலின் ஒவ்வாமை என்ற பட்டையோடு அதே குடும்பத்து அமாக்சிசிலின், டோபமின் எழுதியிருக்க ட்ரேயில் டோபுடமின், காலாவதியான குப்பி, 1.0 என்று எழுதிய அளவு, கைப்பட்டையில் ஒரே பெயர் ஆனால் வேறு எண். பென்சாதீன் பென்சிலினை நரம்பில் போடச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள். அது தசைக்கு மட்டுமே உரியது. பிழையே இல்லாத ஒரு மருந்தும் இருக்கட்டும், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் மறுப்பதுதான் பாதுகாப்பு என்று பழகிவிடுவார்கள்.

மருந்து ஏற்றும் நடுவில் ஃபோனை அடிக்க விடுங்கள், அல்லது ஒருவரை "சிஸ்டர், டிரிப் தீர்ந்துபோச்சு" என்று கத்த வையுங்கள். திரும்பி வந்தவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் நிறுத்தி, முதல் சரிபார்ப்பிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். லேபிள் ஒட்டாமல் வைத்துவிட்டுப் போன சிரிஞ்சை மறு பேச்சில்லாமல் குப்பையில் போடச் செய்யுங்கள். பயிற்சி முடிந்ததும் எத்தனை கண்டுபிடித்தார்கள் என்று மதிப்பெண் போடுவதை விட, எதை ஏன் பார்க்கத் தவறினார்கள் என்று பேசுவதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

தண்ணீர் நிரப்பிய பயிற்சிக் குப்பிகள் ஒவ்வொன்றிலும் 'பயிற்சிக்கு மட்டும்' என்று பெரிதாக ஒட்டி, எண்ணி எடுத்து, எண்ணித் திருப்பி வையுங்கள். பயிற்சிக்கென்று தயாரித்த உப்புநீர்ப் பைகள் 2014-இல் அமெரிக்காவில் உண்மையான நோயாளிகளுக்கே ஏற்றப்பட்டன.

கேள்வி: தவறு செய்த மாணவியை எல்லோர் முன்னிலும் கண்டித்தால்தானே மற்றவர்களுக்கும் பயம் வரும்? – மூத்த ஆசிரியர்

பதில்: பயம் வரும். மறைக்கவும் கற்றுக்கொள்வார்கள். பிழைகளை ஓட்டை விழுந்த பாலாடைக்கட்டித் துண்டுகளாகக் காட்டியவர் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன்: ஒவ்வொரு தடுப்பிலும் ஓட்டை உண்டு, எல்லா ஓட்டைகளும் ஒரே நேர்க்கோட்டில் வரும்போது ஆபத்து நோயாளியை எட்டுகிறது. மாணவி கடைசித் துண்டு. ஒரே நிறத்தில் இரண்டு ஆம்ப்யூலை அடுத்தடுத்து அடுக்கியவர், புரியாத கையெழுத்தில் எழுதியவர், ஒரு நர்ஸுக்கு முப்பது நோயாளிகளைக் கொடுத்தவர் எல்லோரும் முந்தைய துண்டுகள். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் தொடங்கிய 'தீங்கில்லா மருந்து' இயக்கமும் இந்தப் பார்வையில்தான் நிற்கிறது. கவனக்குறைவைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லவில்லை. தனியே அழைத்துப் பேசுங்கள்.

பிழை நடந்தால் செய்ய வேண்டிய வரிசையை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். முதலில் நோயாளியைப் பார்ப்பது, பல்ஸ், பி.பி., மூச்சு, உணர்வு. உடனே பொறுப்பு நர்ஸிடமும் மருத்துவரிடமும் சொல்வது. கேஸ் ஷீட்டில் என்ன, எவ்வளவு, எப்போது கொடுத்தோம், பிறகு நோயாளி எப்படி இருந்தார் என்று உள்ளதை உள்ளபடி எழுதுவது. சம்பவ அறிக்கை தனி. ஏறக்குறையக் கொடுத்துவிட இருந்து கடைசி நொடியில் பிடித்தவற்றையும் அதில் எழுத வையுங்கள். அடுத்த வாரப் பாடத்துக்கு அதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

கேள்வி: "இன்னைக்கு மாத்திரை வேற கலர்ல இருக்கே" என்று நோயாளி கேட்டால் என்ன சொல்வது? – முதலாம் ஆண்டு மாணவி

பதில்: "அதெல்லாம் சரிதான், போடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். மாத்திரையைத் திரும்ப ட்ரேயில் வைத்து, "ஒரு நிமிஷம் பார்த்துட்டு வர்றேன்" என்று அட்டவணையையும் அட்டையையும் மறுபடி படியுங்கள். வேறு நிறுவனத்தின் அதே மருந்து என்றால் அட்டையைக் காட்டிச் சொல்லிக் கொடுங்கள். அளவு மாறியிருந்தால் மருத்துவர் மாற்றினாரா என்று பாருங்கள். இரண்டும் இல்லை என்றால், உங்கள் மூன்று சரிபார்ப்பையும் தாண்டி வந்ததை அவர் பிடித்திருக்கிறார்.